பசி வரும்வரை

சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் ஆயுர்வேத வைத்தியர், நாடி பிடிக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு, நேற்றுச் சாப்பிட்டதையெல்லாம் சொல்லச் சொல்வார். ஒல்லியான மனிதர். படுத்த படுக்கையான அப்பாவை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனபோது, "நல்லா பசி எடுக்கிற வரைக்கும் கஞ்சிதான்பா. தயிர் கூடாது" என்றார்.

அப்பா தினமும் தயிர்சோறு கேட்டார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

கருமாதிச் சாப்பாட்டுக்கு வைத்தியர் வந்தார். பாராட்டுவார் என்று நினைத்து, "அவர் கேட்டுக்கினே இருந்தாரு ஐயா. நான் தயிரைக் கண்ணுலயே காட்டல" என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டவர் சொன்னார்: "வாய் தொறந்து கேட்டாருன்னா பசி வந்துடுச்சேபா. குடுத்திருக்கலாமே."

பிறகு சோற்றில் குழி செய்துகொண்டு காத்திருந்தார். தயிர் ஊற்றினேன்.

அவர்மேல் கோபப்பட எவ்வளவோ பார்க்கிறேன். அவர் சொன்னது இரண்டு முறையும் சரியாகத்தான் இருந்தது.