அம்மாவும் அந்த ரேடியேட்டரும்

கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு வந்ததும் எங்கள் காருக்கு வேர்த்துவிடும். முதலில் ஊசி சிவப்பைத் தொடும். அப்புறம் பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பும். பின் சீட்டில் சாய்ந்திருக்கும் அம்மா, "இட்லி வெந்துடுச்சு, எறக்கு" என்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் மிஷினில் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். நாங்கள் பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் அவளுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். ஆட்டோவில் போகலாமே என்று யோசனை சொல்லும் புண்ணியவான்கள், டயாலிசிஸ் முடித்து வரும் ஒருத்தியை இந்த ரோட்டுக் குழிகளில் ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிப் பார்க்கட்டும். அவளுக்குக் காலை நீட்டிப் படுக்க ஒரு பின் சீட் வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய டப்பாவைக் கட்டி மாரடித்தேன்.

ஓட்டுவது என் வேலை, பராமரிப்பது அப்பாவின், எங்கள் நைனாவின் வேலை. நைனா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். கரைக்கு வந்த பிறகு அதிகாரம் பண்ண அவருக்கு ஓர் எஞ்சின் தேவைப்பட்டது. அம்மாவிடம் அவர் அதிகாரம் எந்தக் காலத்திலும் செல்லுபடியானதில்லை. நான் எழுந்திருப்பதற்கு முன்பே காரைத் துடைத்து, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, பானெட்டை ஒரு தட்டுத் தட்டி வைத்திருப்பார். தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் நைனாவை மிஞ்ச ஆளில்லை.

ஆனாலும் ரேடியேட்டர் ஒழுகியது. மெக்கானிக் முதலில் ஓட்டையைப் பற்றவைத்தார். மறுபடி ஒழுகியதும் புதிதாகவே ஒன்று போட்டு, எஞ்சின் சூடேறாமல் இருக்கப் பச்சை நிறத்தில் கூலன்ட்டும் ஊற்றிக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் போய்ச் சேர்ந்தது. விசிறியைக் குற்றம் சொன்னார், பம்ப்பைக் குற்றம் சொன்னார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ லாரிக்குப் பின்னாலயே உருட்டிகினு போறக்கா. காத்து எங்கேர்ந்து வரும்?"

"அப்போ ஒரு ஜோடி ரெக்கை மாட்டிக் குடு, பறந்து போறேன்" என்றேன்.

எதிர்வீட்டு அக்கா கண் திருஷ்டி என்றாள். இந்தத் தகர டப்பாவைப் பார்த்து வயிறெரிகிற அந்த மகராசி யாரென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இருந்தாலும் எலுமிச்சம்பழம் கட்டினேன். பழமும் சேர்ந்து வெந்தது.

ஒரு நாள் லாரி வரிசையின் நட்டநடுவில் கார் மொத்தமாக நின்றுவிட்டது. முன்னாலும் கன்டெய்னர், பின்னாலும் கன்டெய்னர். நான் இறங்கி நின்று, கார் கம்பெனியிலிருந்து கடவுள் வரைக்கும் ஒருத்தர் விடாமல் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் இட்லி ஜோக்கைச் சொல்லவில்லை. பின்னால் நின்ற லாரி டிரைவரும் கிளீனரும் காரை ஓரம் தள்ளி, எதிர்ப்பக்கம் வந்த ஒரு வேனை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்கள். அன்று மிஷின் கிடைக்கும்வரை நான் அம்மாவின் கையை விடவில்லை.

மறுநாள் மெக்கானிக், செத்துப்போன ரேடியேட்டரை அறுத்துப் பிரித்தார். உள்ளே குழாய்களிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அவர் ஒரு துணுக்கைச் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"கரிக்குதுக்கா. இன்னா தண்ணி ஊத்தறீங்கோ?"

"மெட்ரோ தண்ணி. எங்க நைனாதான் ஊத்தறாரு" என்று அடித்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. இன்னொரு ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் ஊற்றி அனுப்பினார்.

அடுத்த நாள் விடியும்போதே எழுந்து வாசலுக்கு வந்தேன். காருக்கு அடியில் பச்சைத் தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. நைனாவைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரம் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் மேலிருந்து, ஈர லுங்கியும் கையில் கேனுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நைனா! கேன்ல இன்னா?"

"கடல் தண்ணிம்மா" என்றார், பால் என்று சொல்வது மாதிரி. "அந்தப் பச்ச தண்ணி கலீஜு, தொறந்து உட்டுட்டேன். போட்டுல காலம் பூரா கடல் தண்ணிலதான் எஞ்சினு குளுந்துச்சு. ஒரு நாளு பேஜார் பண்ணிகீதா? சண்ட போட்டு லாரித் தண்ணி புடிச்சிகினு வரோம், அத்தப் போயி காருக்கு ஊத்துவாங்களா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக் கை போதவில்லை. "நைனா, போட்டுல தண்ணி ஒரு பக்கம் வந்து மறுபக்கம் கடலுக்கே போயிடும். இதுல அதே தண்ணி உள்ளேயே சுத்திகினு கெடக்கும். காயக் காய உப்புதான் மிஞ்சும். அந்த உப்புதான் ரேடியேட்டரைத் தின்னுகீது!"

சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள். "எனக்கு உப்பு ஆவாதுன்னு கருவாட்டு டப்பாவ பரண் மேல ஒளிச்சி வச்ச ஆளு, காருக்கு கேன் கேனா உப்பு ஊத்திகினு கீது பாரேன்!"

நைனா சிரிக்கவில்லை. கேனைக் கீழே வைத்தார். "அன்னிக்கி நடுரோட்டுல நீ மூச்சு வாங்கினது… என்னாலதானா?" என்று அவளிடம் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

உள்ளே போய் மெட்ரோ தண்ணீர் டிரம்மைத் திறந்தார். பாதிக்குக் கீழேதான் இருந்தது. அடுத்த லாரி எப்போது வரும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னாத்துக்கு முழிச்சிகினு கீற?" என்றாள் அம்மா. "எனக்குத்தான் தண்ணி அளந்து குடுக்கச் சொல்லிகீறாரு டாக்டரு. நான் குடிக்காதது அவ்ளோவும் மிச்சம்தானே? அத்த எடுத்து அதுக்கு ஊத்து."

நைனா குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு காரிடம் போய், திறந்துவிட்ட அடைப்பை மூடினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், ரொம்ப நேரம் ஊற்றிக்கொண்டிருந்தார்.