வெளிச்சம் தெரியாதபோதும் பொத்தானை அழுத்தினேன்

சபையாரே, உங்களில் பலரை என் ஜீப்பில் ஏற்றி ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அப்படி ஓட்டிய கடைசிச் சில மாதங்கள் எனக்கு இடது பக்கம் சரியாகத் தெரியவில்லை. அதை மறைத்துத்தான் ஓட்டினேன். இன்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மழைக்காலம். போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு வளைவு. ஜீப்பில் பதினோரு பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். பிரேக்கை மிதித்தேன். இடது ஓரத்தில், பம்பரை ஒட்டி, தலையில் விறகோடு ஒருவர் நின்றிருந்தார். அவர் என் கண்ணில் படவே இல்லை.

"தூக்கமா தம்பி?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். பொய்.

ஜீப்பு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை எனக்குத் தெரியாது. அன்றிரவு மனைவி கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருவரும் முழங்காலிட்டோம். கண்ணில் குறையே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட வேண்டும், அதுதான் என் ஜெபம்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது. ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் அதிகம் என்று இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய கிண்ணம் போன்ற மெஷினுக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே சின்ன வெளிச்சம் மின்னினாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இடது கண்ணின் முறை வந்தது. வெகுநேரம் எனக்கு ஒன்றுமே மின்னவில்லை. பயந்துபோய் குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தேன்.

பரிசோதித்த பெண் மெஷினை நிறுத்தினார். "அண்ணே, லைட்டு வராதப்பவும் அழுத்துறீங்க. மெஷினு காட்டிக் குடுத்துருது. உள்ளது தெரிஞ்சாத்தான மிச்சத்தைக் காப்பாத்த முடியும்."

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நேரம் கேட்டுவிட்டு அங்கேயே கண்ணை மூடினேன். நல்ல ரிப்போர்ட் வேண்டாம் ஆண்டவரே, உண்மையாக இருக்க பெலன் தாரும் என்று கேட்டேன். மறுபடி உட்கார்ந்து, தெரிந்தபோது மட்டும் அழுத்தினேன்.

கிளாக்கோமா என்றார் டாக்டர். வலியே இல்லாமல் கண் நரம்பைக் கெடுக்கும் நோயாம். இடது கண்ணில் போன பார்வை திரும்பாது, வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். வண்டி ஓட்டக் கூடாது, குடும்பத்தில் வரக்கூடிய நோய் என்பதால் கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்றார்.

ஊருக்கு வந்ததும் பேச்சியம்மாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாச்சும் சொன்னியே" என்றார். ஜீப்பு சாவியை மச்சினனிடம் கொடுத்தேன். இப்போது ஏலக்காய் உலர்த்தும் இடத்தில் எனக்கு வேலை. மருந்து ஒருநாளும் தவறுவதில்லை. வலது கண் அன்று இருந்தபடியே இருக்கிறது.

தேவாரம் ஊரில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் தாவீது, தனக்கு ஒன்றுமில்லை என்று வர மறுத்தார். கிரேஸும் நானும் மூன்று மாதம் அவருக்காக ஜெபித்தோம். ஒரு காலை அவரே போன் செய்து, "வர்றேன்டா, கூட்டிட்டுப் போ" என்றார். அவருக்கும் அதே நோய்தான் தொடங்கியிருந்தது. ஆனால் பார்வையில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. இப்போது அவரும் சொட்டு மருந்து விடுகிறார்.

நான் ஒரு கண்ணுக்காகக் கேட்டேன். கர்த்தர் என் அண்ணனின் இரண்டு கண்களையும் காத்துக் கொடுத்தார். பிரியமானவர்களே, பரிசோதனைக்குப் போவதை விசுவாசக் குறைவு என்று எண்ணாதீர்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள். அங்கே வரும் பதிலைக் கேட்கவும் அவர் பெலன் தருவார்.