என் நைனா என்னைத் தெரியாதுன்னு சொன்னது

பெருமாள் பேரைச் சொல்லி இங்க கூடியிருக்கற எல்லாருக்கும் நமஸ்காரம். நான் லேசுல யாரையும் நம்பற ஆளு இல்ல. எங்க வம்சமே அப்படி. அதனால நான் சொல்றத நீங்க தாராளமா நம்பலாம்.

ஆந்திரா தனி ராஜ்யமாயி, எந்த ஊரு எந்தப் பக்கம்னு தகராறு நடந்துக்கினு இருந்த காலம். எங்க ஊரு சித்தூர் ஜில்லாவுல, ஆந்திரா பக்கம் போயிட்ட தமிழ் ஊரு. நான் மெட்ராஸ்ல ஒரு கம்பெனி டீம்ல ஹாக்கி ஆடிக்கினு இருந்தேன். இந்தியா டீம்ல என்னை எடுத்துட்டாங்க. கப்பல்ல வெளிநாடு போகணும். எல்லாருக்கும் பாஸ்போர்ட் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரல. என் இடத்துக்குக் காத்துக்கினு ரிசர்வ்ல இருக்கறவன் மொட்டைக் கடிதாசு போட்டானா? தமிழன்னு ஆந்திராக்காரன் நிறுத்தறானா, ஆந்திராக்காரன்னு மெட்ராஸ்காரன் நிறுத்தறானா? சோறு இறங்கல எனக்கு.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிச்சு எழுதற சித்தூர் போலீஸ் ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"விஜயபுரம் பக்கம் உங்க ஊர்லயே விசாரிச்சாச்சு. அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாதாம். நீ யாருப்பா?"

விசாரிச்ச போலீஸ்காரரே மாத்தி எழுதினாத்தான் உண்டாம். அவரோ லீவு போட்டுட்டு திருப்பதி போயிட்டார். அவர் திரும்பறதுக்குள்ள கப்பல் கிளம்பிடும்.

வீட்டுக்குப் போனா நைனா பெருமையா சொல்றார்: "மஃப்டியில ஒருத்தன் வந்தான்டா. தெலுங்குல உன் பேரக் கேட்டான். எல்லைப் போராட்டத்துக்காக உன்னப் புடிச்சிக்கினு போக வந்திருக்கான்னு எனக்குத் தெரியாதா? அப்படி ஒரு புள்ளையே எனக்குப் பொறக்கலன்னுட்டேன். ஊரையும் அப்படியே சொல்ல வெச்சேன்!"

தலையில அடிச்சிக்கினு அழுதேன்.

அந்த ஆள் முகம் நைனாவுக்குத்தான் தெரியும். அவரையும் இழுத்துக்கினு மலையேறினேன். அங்க பாத்தா, திரும்பின பக்கமெல்லாம் மொட்டை. "அன்னிக்கு அவனுக்குத் தலை நிறைய முடி, பெரிய மீசை. இதுல எவன்னு சொல்றது?"ன்னு நைனா முழிக்கிறார். சன்னதியில நின்னு கதறினேன். "சாமி, இத்தனை வருஷம் பட்ட பாடு வீணாப் போவுது. என்னால முடியல. நீயே அந்த ஆளக் காட்டு."

வெளியில வந்தா, மொட்டைத் தலையில சந்தனம் பூசின ஒருத்தன் எங்களையே பாக்கறான். நேரா வந்து, "நீங்க விஜயபுரம் பக்கந்தானே?"ன்னு நைனாவைக் கேட்டான்.

"இல்லீங்க, நாங்க வேலூரு"ன்னுட்டு நைனா என் காதுல சொன்னார்: "ஜேப்படிக்காரன்டா, மடியப் புடிச்சிக்கோ."

நானும் அப்படித்தான் நினைச்சேன். நகரப் பாத்தேன். அப்பத்தான் சுருக்குன்னுச்சு. ஆளக் காட்டுன்னு இப்பத்தானே உள்ள கேட்டேன்? வந்து நிக்கறவனப் பாத்து ஓடினா, பெருமாளையே சந்தேகப்படறேன்னுதானே அர்த்தம்? திரும்பி நின்னு என் பேரு, என் ஊரு, ஹாக்கி எல்லாத்தையும் சொன்னேன். "இவருதான் என்னைப் பெத்த நைனா"ன்னேன்.

அவர் நைனாவைப் பாத்தார். "பொறக்கவே இல்லன்னீங்களே?"

நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஊரே ஒரே வார்த்தையா தெரியாதுன்னப்பவே எனக்கு சந்தேகம்"னு சிரிச்ச அந்தப் புண்ணியவான், லீவை விட்டுட்டு எங்ககூடவே பஸ்ஸேறி சித்தூர் வந்து மாத்தி எழுதிக் குடுத்தார்.

கப்பலேறினேன். அப்புறம் பல வருஷம் இந்தியாவுக்காக ஆடினேன். கப்பல் கிளம்பின அன்னிக்குத் துறைமுகத்துல நைனா, "திரும்பி வர டிக்கெட்டும் குடுத்துட்டாங்களா? கேட்டுக்கினியா?"ன்னார். அவர் மாறல. நான் மாறிட்டேன்.

நீங்களும் மனசார பெருமாள்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு, உதவின்னு வந்து நிக்கறவன் மூஞ்சி எப்படி இருந்தாலும், ஓடாம நில்லுங்க.