மருந்துக்கு லாபம் கிடையாது

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்குவதில்லை. முதல் மரக்காலுக்கு ‘லாபம்’, அடுத்தது ‘ரெண்டு’. குவித்துத்தான் அளப்போம், தலை தட்டினால் கஞ்சம் என்பார்கள். நெல்லுக்கு இதெல்லாம் அழகு. என் வீட்டுக்காரர் வெடிமருந்தையும் அப்படியே அளந்தார்.

கோடியக்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வயல். கதிர் பால் பிடித்தால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். அதை விரட்ட, லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். குண்டு போடுவதில்லை. குழலுக்குள் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, வானத்தைப் பார்த்துச் சுடுவார். சத்தம் மட்டும்தான். வெத்துவேட்டு என்று நான் சொன்னால், துப்பாக்கியைச் சொல்கிறாயா என்னைச் சொல்கிறாயா என்று கேட்பார்.

மருந்துக்கு அளவு, ஒரு பித்தளை மூடியில் தலை தட்டி மூன்று. கூடிப்போனால் குழலே வெடித்துவிடும். கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கிற சாமான், கண் போய்விடும்.

போன சம்பாவில் ஒரு சாயங்காலம், கொல்லையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார். ‘லாபம்’ என்ற குரல் அடுப்படிவரை கேட்டது. அந்த நேரம் பார்த்து, வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் பக்கத்து வயல்காரர் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு இவர் மறுபடி அளக்க ஆரம்பித்தார். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு.’

கரண்டியோடு ஓடினேன். தேங்காய் நாரை உருட்டிக்கொண்டிருந்தார்.

“கொட்டுங்க அதை. முதல்லயே லாபம் போட்டுட்டீங்க.”

சரியாகத்தான் போட்டிருப்பதாகச் சாதித்தார். கொட்டாமல் வயலுக்குப் போனால் இன்றைக்குச் சோறு கிடையாது என்றேன். முனகிக்கொண்டே குழலைப் பேப்பரில் கவிழ்த்தார். நானே தலை தட்டி அளந்தேன். நாலு மூடி போய் இன்னும் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றையும் குவித்தே போட்டிருக்கிறார், மகராசன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து போனை உள்ளே வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் அளக்கிறார். முதலில் பேப்பரில், தலை தட்டி, ‘ஒண்ணு’ என்று என் காதில் விழும்படி. பன்றி ஓடுகிறதோ இல்லையோ, நான் நிம்மதியாக இருக்கிறேன்.

அறுப்பு முடிந்து, வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல்லைக் களத்தில் அளந்தார். முதல் மரக்காலை நறுக்கென்று தலை தட்டி ‘ஒண்ணு’ என்றார். களமே சிரித்தது.

“இங்க லாபம்னு சொல்லலாங்க” என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை முறைத்தார், இரண்டு கண்ணாலும்.