செங்கமலத்துக்குப் போட்ட சட்டம்

கோகுல்நாத் பொய் சொல்ல மாட்டான் என்று கொரட்டூரில் அவன் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விளையாட்டில்கூடச் சொல்ல மாட்டான். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டுதான் அவன் தன் வீட்டைக் காலி பண்ணினான்.

விளையாட்டு என்றால் மட்டை, பந்து சமாசாரம் இல்லை. வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் முதுகு ஒடிய உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சிநேகிதர்களைக் கூட்டி ஹாலில் பாய் விரிப்பான். ஆளுக்கொரு வேஷம். ஒப்பனை கிடையாது, மேடை கிடையாது. உட்கார்ந்த இடத்தில் வாயாலேயே நடிப்பு. இக்கட்டான கட்டம் வந்தால் பகடையை உருட்டி முடிவு செய்வார்கள். மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேஷம்தான். கதையை நடத்துகிற கோகுலுக்கோ மீதி ஊரே வேஷம். மாமியாரும் அவன்தான், ஜட்ஜ் துரையும் அவன்தான், ஜட்கா வண்டிக்காரனும் அவன்தான்.

இந்த மாதிரி விளையாடுகிறவர்கள் பூதம், மந்திரவாதி என்று எதையாவது வைத்துக்கொள்வார்கள். கோகுலுக்கு அதெல்லாம் ஆகாது. அவன் கதை நடப்பது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மதராஸில். அரிசி என்ன விலை, ராயபுரத்து ரயிலில் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எந்தத் தெருவில் நடக்க முடியாது, எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். லீவு நாளில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய காகிதங்களைக் கிளறிவிட்டு வருவான். "உங்க கஷ்டத்துக்காகச் சரித்திரத்த மாத்த முடியாதுடா" என்பது அவன் அடிக்கடி விடுகிற வசனம். வசனம் விடுவதில் மன்னன்தான். பகடையும் பாயும் இல்லாத இடத்தில், நாலு பேர் முன்னால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வீட்டில் அப்போது பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அண்ணன் ஆனந்தன் திருமழிசை தாண்டி பைக்கில் லாரி மோதிச் செத்தபோது குழந்தை உத்ராவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணி ரோஷினி முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கூட வேலை பார்க்கும் ஸ்ரீநாத் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவளுக்கும் சம்மதம். அம்மா வேம்புலியம்மாளிடம் சொன்னதிலிருந்து அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கோகுலுக்கு அண்ணி என்றால் உயிர். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் அம்மாவிடம் நேராகப் போய்ச் சொல்லத் துணிச்சல் இல்லை. அதனால் ஒரு யோசனை பண்ணினான். அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் ஒரு விதவையின் மறுமணத்தைக் கொண்டுவந்தான். அந்தக் காலத்திலேயே பெண்கள் எப்படிப் போராடினார்கள் என்று அம்மா காதில் விழட்டும், மனசு இளகட்டும் என்று கணக்கு.

விதவை செங்கமலமாகப் பேசியவன் பூந்தமல்லி ஜமீர். ஆறடி ஆள், முகம் நிறையத் தாடி. ஆனால் அவன் பேசப் பேசத் தாடி மறந்துபோய்விட்டது. செங்கமலம் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் படாத பாடு பட்டு, கடைசியில் ஓர் அச்சாபீஸ்காரனைக் கட்டிக்கொள்ளத் துணிந்தாள். ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வேம்புலியம்மாள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கோகுலுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. சரித்திரம் தெரிந்த வாய் சும்மா இருக்குமா? துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாமியாராக மாறி எழுந்து நின்றான்.

"கட்டிக்கோடி, யாரு வேணாம்னா? சர்க்காரே கட்டிக்கலாம்னு சட்டம் போட்டிருக்கு. அதே சட்டத்துலதான் எழுதியிருக்கு, புருஷன் சொத்துல உனக்குக் காலணா கிடையாது. பிள்ளைக்கு வேற ஆள கார்டியனா போடச் சொல்லி நாங்க கோர்ட்டுக்குப் போகலாம்."

ஜமீர் வேஷத்தை மறந்து கத்தினான். "இன்னா மாமே, அநியாயமா கீதே! பெத்தவகிட்டேர்ந்து புடுங்குவானா?"

"அநியாயம்தான். ஆனா நெசம். உருட்டு."

பகடை விழுந்தது. செங்கமலம் குழந்தையைத் தோற்றாள். கோகுலுக்கு மெய் சிலிர்த்தது.

அம்மா கேட்டாள். "இன்னாடா கோகுலு, இது நெசமாலுமே கவர்மென்ட்டு சட்டமா, நீயா கட்டி வுடறியா?"

"நெசமான சட்டம்மா. நான் எப்பம்மா கட்டி விட்டிருக்கேன்? நானே படிச்சுப் பாத்தேன்."

வேம்புலியம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் கீரையோடு உள்ளே போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த ரோஷினிதான் அடுத்துக் கேட்டாள். "அந்தச் சட்டம் இன்னும் இருக்கா கோகுல்?"

"சேச்சே, எண்பத்து மூணுலயே தூக்கிட்டாங்க அண்ணி." வருஷம் சொல்வதில் அவனுக்கு அத்தனை குஷி. அம்மா உள்ளே போய்விட்டாளே, அவளிடமும் இதைச் சொல்ல வேண்டுமே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது அன்றைக்குத் தப்பில்லை. நமக்கெல்லாம் நடப்பதுதான்.

அடுத்த ஞாயிறு விளையாட்டு இல்லை. ஸ்ரீநாத்தும் அவர் அம்மாவும் பேச வருவதாக இருந்தது. காலையில் அடுப்படியில் ரோஷினி சொன்னாள். "நீதான் பேசணும் கோகுல். நான் என்ன சொன்னாலும் அத்தைக்கு என் சுயநலமாதான் தெரியும். உன் பேச்சுன்னா கேப்பாங்க."

"பேசறேன் அண்ணி." முழு மனசோடுதான் சொன்னான். அதில் சந்தேகம் இல்லை.

வந்தவர்கள் பூ, பழத்தட்டோடு வந்தார்கள். ஸ்ரீநாத் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார். காபி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் அவர் அம்மா விஷயத்தை எடுத்தாள். வேம்புலியம்மாள் சண்டை போடவில்லை. நிதானமாகவே சொன்னாள்.

"கட்டிக்கட்டும்மா. சின்னப் பொண்ணு, எத்தினி நாளு இப்படியே இருக்கும்? ஆனா கொயந்த எங்க ஊட்லதான் வளரும். எம் புள்ள வுட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். சட்டமும் அதான் சொல்லுது. நாங்க கோர்ட்டுக்குப் போனா கொயந்த எங்களுக்குத்தான்."

ரோஷினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, அது பழைய சட்டம். இப்ப கிடையாது."

"நீ அப்படித்தாம்மா சொல்லுவ. கோகுலு படிச்சவன். அவன் சொல்லட்டும்."

எல்லாரும் கோகுலைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. இல்லம்மா, அண்ணி சொல்றதுதான் சரி. அவ்வளவுதான் வேலை. அந்த நேரம் பார்த்து உத்ரா ஓடிவந்து அவன் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தாள். அண்ணன் ஜாடை அப்படியே. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் சித்தப்பா என்று கத்திக்கொண்டு வருகிற குரல் கல்யாணத்துக்கு அப்புறம் இருக்காது. அம்மாவும் அவனும் டிவியும்தான். பொய்யும் சொல்ல வேண்டாம், நிஜமும் சொல்ல வேண்டாம் என்று ஒரு சந்து தெரிந்தது. அதில் நுழைந்துகொண்டான்.

"எதுக்கும் ஒரு வக்கீலக் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஸ்ரீநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அம்மா முந்திக்கொண்டாள். "கோர்ட்டு, கேஸு எல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்லீங்க. நல்லா விசாரிச்சுட்டு அப்புறம் பாக்கலாம்." தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. மகனை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ரோஷினி அழவில்லை, கத்தவில்லை. அறைக்குள் போய்ப் பையில் துணியை எடுத்து வைத்தாள். ஆவடியில் அவள் அப்பா வீடு. உத்ராவுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வாசலில் நின்றபோதுதான் கோகுலை நிமிர்ந்து பார்த்தாள்.

"வருஷம்கூடச் சொன்னியே கோகுல்."

சொல்லிவிட்டுக் குழந்தையோடு ஆட்டோவில் ஏறினாள். வேம்புலியம்மாள் பின்னாலேயே ஓடி, ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு குழந்தை பேரைச் சொல்லிக் கதறினாள். தெருவே பார்த்தது. ஆட்டோ போய்விட்டது.

அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவள், அடுத்த காரியத்துக்குத் தயாராகிவிட்டாள்.

"நாளிக்கே வக்கீலைப் பாரு. கேஸ் போடு. சட்டம் நம்ம பக்கம் கீதுல்ல?"

இனி நுழையச் சந்து எதுவும் இல்லை. "அம்மா, அப்படி ஒரு சட்டமே இல்ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

வேம்புலியம்மாள் அவனையே பார்த்தாள்.

"அன்னிக்கே இத்த ஏண்டா சொல்லல? சட்டம் இல்லன்னு தெரிஞ்சிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன், அழுதுட்டு சரின்னிருப்பேன். அவளும் சந்தோஷமா போயிருப்பா. கொயந்தய வாராவாரம் கூட்டினு வந்து காட்டியிருப்பாடா."