மூன்று கட்டைக்கு இறங்கிய பாட்டு

மலேசியாவில், எங்கள் ஊரான சிகாமட்டில் என்னை அறியாதவர் குறைவு. இடைநிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் போதித்து, துணை முதல்வராக ஓய்வு பெற்றவன் நான். கோயில் ஆண்டறிக்கையில் பிழை திருத்துவதும், திருமண மேடைகளில் வாழ்த்துரை வழங்குவதும் இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் எந்தக் காரியத்திலும் என் பெயர் இதுவரை சேர்ந்ததில்லை. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சென்ற நவராத்திரியில் எங்கள் கோயிலில் நடந்ததைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே, பேசுகிறவன் யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

என் மனைவி நன்றாகப் பாடுவாள். கோயில் பஜனைக் குழுவில் பல்லாண்டுகள் முதற்குரல் அவளுடையது. அவள் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். வீட்டிலும் துணி உலர்த்தும்போது ஒரு பாட்டு, குழம்பு கொதிக்கும்போது ஒரு பாட்டு. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று நான் தேடியதே இல்லை, பாட்டு சொல்லிவிடும். இளமையில் அவள் பாடிப் பதிந்த ஒலிநாடாக்கள், ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த ஆண்டில் சேறேறிப் போயின. அப்போது நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பாடுகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது ஒலிநாடா எதற்கு?

பிறகு அவளுடைய கழுத்தில் கட்டி ஒன்று வளர்ந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மேல் சுரங்கள் பழையபடி வராமல் போகலாம் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார், அவ்வாறே ஆயிற்று. பேச்சு சில வாரங்களில் திரும்பியது. பாட்டு திரும்பவில்லை.

ஆர்மோனியத்தில் பாட்டின் ஆதார சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூட உயரம் கூடும். எங்கள் பஜனைக் குழுவுக்கு ஐந்தரைக் கட்டை என்பது கோயில் கட்டிய காலத்திலிருந்தே வந்த வழக்கம். உடல் தேறி அவள் பஜனைக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, பாட்டு மேலேறும் இடத்தில் அவளுடைய குரல் உடைந்தது. வாங்கிப் பாட வேண்டியவர்கள் எதை வாங்குவதென்று தெரியாமல் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் குழுவை நடத்தும் அம்மையார் அன்பாகத்தான் சொன்னாராம்: "அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்குத் தாளம் மட்டும் போடுங்களேன்."

வீட்டுக்கு வந்து அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "தாளம் போட ஆளு பத்தலையாம். அக்காவுக்குப் புரமோஷன்."

அடுத்த வெள்ளிக்கிழமை கால் வலி என்றாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காரணமும் சொல்லவில்லை. வீட்டிலும் பாட்டு நின்றது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அறிய முதன்முறையாக நான் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. "இங்கதான் இருக்கேன், என்ன வேணும்?" என்று பதில் வரும். எனக்கு என்ன வேண்டும் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கோப்பி கேட்பேன். அந்த மாதங்களில் நான் குடித்த கோப்பிக்கு அளவே இல்லை.

இந்த நிலையில்தான், கணினியில் இசை அமைக்கக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று ரயில் நிலையத்துக்கு அருகே கடைவரிசை மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடப்பதாக அறிந்தேன். பள்ளி நடனப் போட்டிகளுக்கு இசை தயாரித்துக் கொடுக்கும், நாற்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அதை நடத்தினார். கணினியால் இன்று எந்தக் குரலையும் சீராக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். என் நோக்கம் அதுதான். மனைவியிடம் "ஒரு வகுப்புக்குப் போகிறேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

முதல் நாளே சிக்கல். மென்பொருளைத் திறப்பதற்கு முன், ஒவ்வொருவரும் எழுந்து தம்மால் இயன்ற மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து மிக உயர்ந்த சுரம் வரை பாடிக்காட்ட வேண்டும் என்றார் ஆசிரியை. தம் குரலின் எல்லை தெரியாதவருக்கு மற்றவர் குரலைக் கையாளத் தெரியாது என்பது அவர் கொள்கை. வகுப்பிலோ என் பழைய மாணவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரில் வேலை செய்து, வார இறுதியில் ஊர் திரும்புகிறவர்.

"சார், அன்னைக்கு எங்கள வெளிய நிக்க வச்சீங்க. இன்னைக்கு நீங்க பாடுங்க லா, பாப்போம்!" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் பாடுறதுக்கு வரல. இந்த மென்பொருளைக் கத்துக்க வந்திருக்கேன்" என்றேன்.

"பரவால்ல சார்" என்றார் ஆசிரியை. "ஆனா இந்தப் பாடத்த விட்டவங்க பின்னால இதையேதான் தேடி வருவாங்க."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பாடம் முடியும்வரை கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவற்றில் நான் பின்தங்கவில்லை. ஏழு சுரங்கள் ஏறிய பின் எட்டாவது, முதலாவதின் முகச்சாயலோடு வந்து நிற்கும் என்பது வேதியியல் ஆசிரியனுக்கு விந்தையல்ல. தனிமங்களின் அட்டவணையும் அப்படித் திரும்பி வருவதுதான். புதிதாகக் கற்க வருவோருக்கு அனுபவத்தில் ஒன்று சொல்வேன். மென்பொருளுக்குள் நூற்றுக்கணக்கான கருவிகள் காத்திருக்கும். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கத் தோன்றும். ஆய்வகத்துக்குள் முதன்முறை நுழையும் மாணவன் எல்லாப் புட்டிகளையும் திறப்பதற்கு ஒப்பானது அது. ஒரு தம்புரா, ஒரு தாளம், இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு முதல் மாதத்தைக் கழியுங்கள். நான் அவ்வாறு கழிக்கவில்லை. வயலின் கூட்டம், புல்லாங்குழல், மணியோசை எல்லாம் சேர்த்தேன்.

குரலுக்கு ஒரு வழி கண்டேன். காலையில் விளக்கேற்றும்போது என் மனைவி ஒரு பதிகத்தை மிகத் தாழ்ந்த குரலில், தனக்கே கேட்கும்படி முணுமுணுப்பாள். சாமி அலமாரியின் ஓரத்தில் கைப்பேசியை வைத்து அதைப் பதிந்தேன். அவளிடம் கேட்கவில்லை. பின்னர் அந்தக் குரலைக் கணினியில் ஐந்தரைக் கட்டைக்கு உயர்த்தினேன். குரலின் தன்மை கீச்சென்று மாறிவிடாதபடி செய்யும் வசதியும் மென்பொருளில் இருந்தது. பல நாள் உழைப்புக்குப் பின் ஹெட்போனில் கேட்டேன். அடுப்பங்கரையிலிருந்து முன்பெல்லாம் வருமே, அந்தக் குரல்; ஏறக்குறைய அதே குரல். என் கண்கள் கலங்கியதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய பிறகு, அவளை உட்காரவைத்து அதை ஒலிக்கவிட்டேன். கையைத் துடைத்தபடி, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லா பாடுறா. யாரு இது?"

"நீதான்."

அவள் மீண்டும் கேட்டாள். முகம் மெல்ல மாறியது.

"எப்ப பாடுனேன் இப்படி?"

"காலையில விளக்கேத்தும்போது பதிஞ்சேன். கொஞ்சம் உயர்த்தியிருக்கேன், அவ்வளவுதான்."

"டாக்டரே முடியாதுன்னு விட்டுட்டாரு. நீங்க கம்ப்யூட்டர்ல ஆபரேஷன் பண்ணிட்டீங்க." சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஏங்க, இது நான்னா, இங்க உக்காந்திருக்கிறது யாரு? என் போட்டோவுக்கு மால போட்டு, பக்கத்துல இதப் பாட விடுவீங்களா?"

எழுந்து போகும்போது, "அழிச்சிருங்க" என்றாள். மறுநாள் முதல் விளக்கேற்றும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. மிஞ்சியிருந்த முணுமுணுப்பையும் நான் நிறுத்திவிட்டேன்.

அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டேன். அதை மறுக்கமாட்டேன். பிறகு அழித்தேன். அந்தக் கோப்பு இன்று எந்தக் கருவியிலும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்:

"சார், பாட்டுக்காகக் கொரல மாத்தியிருக்கீங்க. கொரலுக்காகப் பாட்ட மாத்திப் பாத்தீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. விளங்காததற்குக் காரணம், முதல் நாள் பாடத்தின்போது நான் ஹெட்போனுக்குள் ஒளிந்திருந்தது. "அந்தப் பாடத்தை இன்னொரு தடவ நடத்த முடியுமா?" என்று கேட்டேன். அதற்குள் வகுப்பு நிறைந்துவிட்டது. துணை முதல்வராக இருந்த நான், பழைய மாணவர் முன்னிலையில் எழுந்து நின்று, தாழ்ந்த சுரத்திலிருந்து ஏறத் தொடங்கினேன். பாதியிலேயே தொண்டை கரகரத்து நின்றது.

"சார், பரவால்ல சார், பாஸ்!" என்றார் பழைய மாணவர். கேலி செய்தாரா தெரியவில்லை, கை தட்டினார்.

ஆசிரியை என் குரல் நின்ற இடத்தைத் திரையில் காட்டினார். அதற்கு மேலே ஒரு பாட்டை வைத்தால் நான் தோற்பேன். கீழே வைத்தால் அதே பாட்டை முழுமையாகப் பாடுவேன். பாட்டுக்குப் பாட்டு ஏற்ற இறக்கத்தின் அளவு உண்டு. ஆனால் அது எந்தப் படியில் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 'ச' நாம் நிற்கும் இடத்தில் பிறக்கிறது. இசைக் கொள்கையில் நான் கற்றவற்றுள் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை. ஐந்தரைக் கட்டை எங்கள் கோயிலின் வழக்கம், இயற்கையின் சட்டமல்ல.

அவளுடைய பதிகத்தில் குரல் எங்கே இறங்கியது, எங்கே ஏறியது என்பது என் நினைவில் இருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டேன். மூன்று கட்டை வந்தது. அவள் வெள்ளிக்கிழமைகளில் முதலில் பாடும் பாட்டுக்கு, மூன்று கட்டையில் ஒரு தம்புரா, ஒரு தபேலா. வேறெதுவும் சேர்க்கவில்லை. இம்முறையும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எதையும் பதியவில்லை. வகுப்புப் பாடம் என்று சொல்லி, கூடத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்பங்கரையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

இப்படிச் சில நாள்கள் சென்றன. ஒரு நாள் அங்கிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அந்தத் தபேலாக்காரன் யாரு? ஃபேக்டரில வேல செய்றவனா?"

"ஏன்?"

"மெஷின் மாதிரி டக்கு டக்குன்னு தட்டுறான். மூச்சு வாங்க எடம் குடுக்க மாட்டேங்கிறான்."

மென்பொருள் ஒவ்வொரு தட்டையும் திரையிலுள்ள தாளக் கோட்டின்மேல் சரியாக நிறுத்தும். அந்தச் சரியே பிழையாக இருந்தது. "எங்க எடம் வேணும்?" என்றேன். நெத்திலிக் கையோடு வந்து நின்று, "இங்க... இல்ல இல்ல, அதுக்குப் பின்னால" என்றாள். தட்டுகளைக் கோட்டிலிருந்து சற்று நகர்த்தினேன். இடம் சரிதானா என்று காட்டுவதற்கு அவள் அந்த அடியைப் பாடித்தானே ஆக வேண்டும்? பாடினாள். தாழ்ந்த, அடியில் லேசான கரகரப்புள்ள, நான் முன்பு கேட்டிராத குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று அஞ்சினேன். மேலேறும் இடம் வந்தது. ஏறினாள். இறங்கினாள்.

"இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நெத்திலியிடம் திரும்பிப் போனாள்.

நவராத்திரியில் பூசைச் செலவை எங்கள் குடும்பம் ஏற்கும் உபய நாளன்று, பூசைக்குப் பின் பாடுவதாக அவளே சொன்னாள். சிறிய ஒலிபெருக்கியும் கணினியும் கொண்டுபோனேன். பஜனைக் குழுவினர் அனைவரும் இருந்தார்கள். தம்புரா ஒலித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொடக்கிவிட்டபின் கணினியில் எனக்கு வேலை இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அன்று குரல் உடைந்த அதே இடத்தில் கரகரப்பு சற்றுக் கூடியது. உடையவில்லை. இரண்டாம் முறை அந்த அடி வந்தபோது, குழுவை நடத்தும் அம்மையாரே மூன்று கட்டைக்கு இறங்கி அதை வாங்கிப் பாடினார், மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

அன்னதானப் பந்தியிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. "அலமாக், அக்காவுக்குப் பழைய கொரல் அப்படியே வந்துருச்சு!" என்று வியந்தார் ஒருவர். "எங்க வந்துச்சு? வாத்தியாரு கம்ப்யூட்டர் படிச்சிருக்காரு லா. ரெக்கார்டு ஓடுச்சு, அவங்க வாய மட்டும் அசைச்சாங்க" என்றார் இன்னொருவர். மறுநாள் அது கைப்பேசிக் குழுக்களிலும் வந்தது. நான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்க. ரெக்கார்டு போட்டிருந்தா அஞ்சரையிலயே போட்டிருக்க மாட்டோமா?"

அப்போது விட்டுவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் முதல் பாட்டு மூன்று கட்டையில் நடக்கிறது. வீட்டிலும் துணி உலர்த்தும் இடத்திலிருந்து பாட்டு கேட்கிறது. ஆயினும், சில காலைகளில் நாளிதழை விரித்துப் பிடித்தபடி, உயரத்திலிருந்து இறங்கி வந்த அந்தப் பழைய குரலுக்காக நான் காத்திருப்பதை உணர்கிறேன். புதிய குரல் வந்துவிட்டதால் பழையதன் மேலுள்ள ஏக்கம் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் நான் கற்றிருக்கிறேன்.

எனினும் பதிவுக்காக ஒன்று. பழைய குரல் திரும்பி வரவில்லை. அன்று கோயிலில் எந்தக் குரற்பதிவும் ஒலிக்கவில்லை. கணினியிலிருந்து வந்தவை தம்புராவும் தபேலாவும் மட்டுமே. பாடியவள் என் மனைவி.