கழற்றி வைத்த கண்ணாடி

எங்கள் நெடுந்தீவு வளவின் கல்வேலியில் அந்த ஆராய்ச்சிக்காரர் சிலந்தி தேடுவது அது மூன்றாவது வருடம். வெயிலில் கறுத்த முகம், கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, முழங்காலில் கிழிந்த காற்சட்டை. யாரும் இதுவரை பெயர் வைக்காத குதிக்கும் சிலந்தி அது என்றார். ஆண் முன்பே கிடைத்துவிட்டது. பெண்ணையும் பார்த்து எழுதினால்தான் அவருக்கு வேலை முடியும்.

அன்று மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் அரிசியளவில் பெண் சிலந்தி. நான் குனிந்ததும் அது திரும்பி என்னைப் பார்த்தது. அவர் முகத்தில் சந்தோசம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சிலந்தியைக் கெடாமல் வைக்கும் ஸ்பிரிட் போத்தலுக்குள் தட்டினார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வார்.

"கண்ணாடி இல்லாமல் உங்களுக்குத் தெரியுமோ, சேர்?"

"எனக்குத் தெரியாது, அண்ணை. அதுக்கு நல்லாத் தெரியும். சாகிற வரைக்கும் பாத்துக்கொண்டே இருக்கும்."

பிறகு ஒரு துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் நீட்டினார். "இடத்தையும் திகதியையும் நீங்களே எழுதித் தாங்கோ. எனக்கு இப்ப ஏலாது."

எழுதிக் கொடுத்தேன். அந்தத் துண்டையும் சிலந்தியோடு போத்தலுக்குள் போட்டு மூடினார்.

அந்தச் சிலந்திக்கு என்ன பெயர் வைத்தாரோ தெரியாது. அது செத்த திகதி என் கையெழுத்தில் இருக்கிறது.